எளிய கிறிஸ்துமஸ்: யாருடைய எளிமை?

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் பங்குகளில் இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. மறையுரை மேடையிலிருந்து எழும் குரல், "மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு?" என்று கேட்கிறது. விழாக் குழுவின் கூட்டத்திலிருந்து எழும் குரலோ, "சென்ற ஆண்டைவிட ஒரு படி குறைந்தால் ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்கிறது. ஆண்டுதோறும் இரண்டும் ஒலிக்கின்றன, ஒன்றையொன்று செவிமடுப்பதில்லை. விழா முடிந்ததும் அடங்கி, அடுத்த திருவருகைக் காலத்தில் அதே சொற்களோடு மீண்டும் எழுகின்றன.

கிறிஸ்து பிறப்பு விழா எளிமையாகி, வணிகத்தின் பிடியும் தளர்ந்துவிட்டால் நமக்கு நேரக்கூடிய இழப்பு ஏதேனும் உண்டா? "ஒன்றுமில்லை" என்று உடனே கூறிவிடலாம். மறையியல் படித்தவர்களுக்கு அது பழகிப்போன விடை. ஆனால் பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூருக்குச் செல்லும் இரயில் பாதையின் இருமருங்கிலும் வாழும் மக்களை மனத்தில் நிறுத்தி விடை தேடினால், அத்தனை விரைவில் வாய் திறக்க இயலாது. எளிமை என்னும் ஒரே சொல் இங்கே இருவேறு மனிதருக்கு இருவேறு பொருள் தருகிறது.

வட சென்னையின் டிசம்பர்

இப்பகுதியின் வரவு செலவைத் தீர்மானிப்பவை ஆலைகளும் துறைமுகமும் கடலும். போனஸ் பற்றிய சட்டம் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸை, கணக்காண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள் தர வேண்டும் என்கிறது. ஆலைகள் வழக்கமாக அதைத் தீபாவளியை ஒட்டித் தருகின்றன. கிறிஸ்தவத் தொழிலாளியின் பண்டிகையோ அதற்கு ஒன்றரை, இரண்டு மாதங்கள் கழித்து வருகிறது. அதற்குள் அப்பணம் பழைய கடனுக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும், மழையில் ஒழுகும் கூரைக்கும் போய்விடுகிறது. சட்டம் உரிமை தந்திருந்தும் போனஸைக் கையில் காணாத ஒப்பந்தக் கூலிகளோ பலர். வடகிழக்குப் பருவமழை காரணமாகக் கட்டட வேலைக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் வேலை நாள்கள் குறைகிற காலமும் இதுவே.

ஆகவே கையில் காசில்லாத நேரத்தில்தான் விழா வருகிறது. நகை அடகுக் கடைக்குச் செல்கிறது. நகை இல்லாதவர் தண்டல்காரரை நாடுகிறார். வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு மீதியைத் தந்து, நாள்தோறும் வாசலில் வந்து வசூலிப்பது தண்டல் முறை. ஒரு நாள் விழாவின் கடன் மூன்று, நான்கு மாதங்கள் நீள்கிறது. நட்சத்திரத்தைக் கழற்றிப் பரண்மேல் வைத்த பிறகும் தண்டல்காரர் வருகிறார். கணவன் மனைவிக்கிடையே தவக்காலத்தில் எழும் சண்டைகள் பலவற்றின் வேர் கிறிஸ்துமஸில் இருப்பதைப் பங்குப் பணியாளர் எவரும் அறிவர்.

இதைக் கண்டு, "கடன் வாங்கி விழா கொண்டாடாதீர்கள்" என்று நாம் போதிக்கிறோம். போதனை சரியே. ஆனால் அக்கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பதையும் நாம் கேட்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் டிசம்பர் மாலைகளில் முண்டியடிக்கும் கூட்டத்தில் நிற்கும் தாய் எதை வாங்குகிறாள்? ஆண்டு முழுவதும் பள்ளிச் சீருடையிலும், வேலை செய்யும் வீட்டார் தந்த பழைய உடுப்பிலும் வளரும் மகளுக்கு, அவளே கைகாட்டித் தேர்ந்தெடுத்த ஓர் உடையை வாங்குகிறாள். நள்ளிரவுத் திருப்பலியில் அந்தச் சிறுமி மற்றப் பிள்ளைகளோடு குடிலின் முன் நிமிர்ந்து நிற்பாள். புத்தாடை இல்லாத காரணத்தால் விழாத் திருப்பலிக்கே வராமல் வீட்டில் தங்கிவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அந்த உடை மாண்பைப் பற்றிய செய்தி.

இந்தச் செலவையும், ஆயிரக்கணக்கில் செலவிட்டு மாடியெங்கும் மின்விளக்குத் தோரணம் கட்டுபவரின் செலவையும் "ஆடம்பரம்" என்னும் ஒரே சொல்லால் கண்டிக்கும் மறையுரை, கேட்பதற்கு நன்றாக இருக்கலாம், நீதியானதாக இராது. வசதியுள்ளவர் அம்மறையுரையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவார். ஏழைத் தாயே அதைத் தன்மேல் போட்டுக்கொண்டு மனம் குன்றுவாள்.

சந்தையின் நாட்காட்டி

அப்படியானால் வணிகத்தின் மீது குற்றமே இல்லையா? உண்டு. அது நம் பையிலிருந்து பணத்தை எடுப்பதைவிட, நம் நாட்காட்டியிலிருந்து காலத்தை எடுத்துக்கொண்டதே பெரிய குற்றம் என்பேன்.

திருச்சபையின் மரபில் திருவருகைக் காலம் காத்திருப்பின் காலம். ஊதா நிற உடை, "வானவர் கீதம்" பாடாத ஞாயிறுகள், ஒவ்வொன்றாக ஏற்றப்படும் மெழுகுதிரிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். விழாக்காலமோ டிசம்பர் 25-இல் தொடங்கி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீடிப்பது. கடைத்தெருவின் கணக்கு இதற்கு நேர்மாறானது. நவம்பர் இறுதியிலேயே அங்கே கிறிஸ்துமஸ் பிறந்துவிடுகிறது. டிசம்பர் 25 இரவோடு முடிந்தும்விடுகிறது. மறுநாள் காலை அதே கடைகளில் புத்தாண்டுத் தள்ளுபடிப் பலகை தொங்குகிறது. நாமும் டிசம்பர் முதல் வாரத்திலேயே கிறிஸ்துமஸ் விழாக்கள் நடத்தி, கேக் வெட்டி, பரிசு வழங்கி முடித்துவிடுகிறோம். உண்மையான விழா வரும்போது களைத்துப்போயிருக்கிறோம். காத்திருக்காதவனுக்கு வருகையின் மகிழ்ச்சி எங்கிருந்து கிடைக்கும்?

கொடுத்தலின் பொருளும் மாறிவிட்டது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவர் மீரா நகர ஆயர் புனித நிக்கோலாஸ். மணமுடித்துக் கொடுக்க வழியில்லாத ஓர் ஏழைத் தந்தையின் மூன்று பெண்களுக்காக, இரவில் எவரும் அறியாதபடி பொன் முடிப்புகளை அவர் வீட்டுக்குள் எறிந்தார் என்று மரபு கூறுகிறது. தந்தவர் யார் என்பது பெறுபவருக்குத் தெரியக்கூடாது; தெரிந்தால் அவர் நாணுவார் என்பதே அக்கொடையின் நுட்பம். இன்று அவர் பெயரால் வணிக வளாகத்து வாசலில் நிற்கும் தாத்தா, மணியடித்து வாங்குவோரை அழைக்கிறார். நம் தாத்தாக்களும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பொட்டலம் வழங்கும்போது படம் எடுத்துக்கொள்ளத் தவறுவதில்லை.

நம் வளாகத்துக்குள்ளேயே

சந்தையைக் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆடம்பரத்தின் பெரும் பகுதி கடைத்தெருவில் நடப்பதில்லை. ஆலய வளாகத்தில் நடக்கிறது. அடுத்த பங்கின் குடிலைவிட நம் குடில் உயரமாக இருக்க வேண்டும். அதில் நீர்வீழ்ச்சி ஓட வேண்டும். மோட்டாரில் சுழலும் ஆலையும் வேண்டும். நன்கொடையாளர் முகங்கள் நிறைந்த பேனர்கள் வேண்டும். அன்பியங்களுக்கு வசூல் இலக்கு வைக்கப்படுகிறது. தந்தவர் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும்போது, தர இயலாதவர் பெயரும் வாசிக்கப்படாமலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. கீதப் பவனி பாடி வருவோர் உறை வாங்காமல் போவதில்லை என்பதால், பாடல் ஒலி கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு இருளில் அமர்ந்திருக்கும் வீடுகளும் உண்டு. நற்செய்தி தன் வாசலுக்கு வருகையில் ஓர் ஏழை ஒளிந்துகொள்ள நேர்ந்தால், அது யார் குற்றம்?

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ஆலயம் அழகாக இருப்பது தவறில்லை. இராயபுரத்துக்குப் பெயர் தந்த புனித இராயப்பர் ஆலயத்தை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியோர் படகுத் தொழில் செய்த சமூகத்தார். உழைப்பாளிகள் தம் இறைவனுக்கு அழகியதோர் இல்லத்தை விரும்பினர். அது அவர்கள் உரிமை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில் கலையை விலக்கவில்லை. வெறும் பகட்டைவிட உயர்ந்த அழகையே தேட வேண்டும் என்று ஆயர்களுக்கு அறிவுறுத்தியது. அழகுக்கும் பகட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம்தான் மறந்துவிட்டோம். அழகு காண்பவரை உள்ளே அழைக்கும். பகட்டோ தன் உரிமையாளரைச் சுட்டிக்காட்டும்.

தடுத்தால் எளிமை வருமா?

விழாவையே குறுக்கிவிட்டால் பக்தி வளரும் என்று எண்ணியோர் வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். 1647-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் விழாவை ஒழித்தது. கடைகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்றானது. கேன்டர்பரியில் மக்கள் கலகம் செய்தனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை இவ்விழாவைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. ஊதாரித்தனத்தையும் குடிவெறியையும் கண்டு வெறுத்தவர்கள் இட்ட தடை இது. அவர்கள் கண்ட நோய் உண்மையானது. தந்த மருந்து நிலைக்கவில்லை. இன்று கிறிஸ்துமஸ் வணிகம் ஓங்கி நிற்கும் நாடுகளில் அவ்விரண்டும் அடங்கும்.

நற்செய்தியும் இத்தகைய வறண்ட எளிமையை ஆதரிக்கவில்லை. கானாவூரில் திராட்சை இரசம் தீர்ந்தபோது, "இருப்பது போதும்" என்று ஆண்டவர் கூறியிருக்கலாம். ஆறு கற்சாடிகள் நிறைய இரசத்தைத் தந்தார். பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவர் காலடியில் ஊற்றியபோது, அதை விற்று ஏழைகளுக்குத் தந்திருக்கலாமே என்று கணக்குப் பேசியவன் யூதாசு. ஏழைகளின் பெயரால் பேசப்படும் சிக்கனம் எல்லாம் ஏழைகள்மீது கொண்ட அன்பிலிருந்து பிறப்பதில்லை என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு எச்சரிக்கிறது.

ஏழ்மையைத் தம் மணமகளாக ஏற்ற அசிசி நகர்ப் பிரான்சிசுவின் மனநிலை இதில் வியப்பளிப்பது. கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்தால் இறைச்சி உண்ணலாமா என்று சகோதரர்களிடையே பேச்சு எழுந்தபோது, அந்நாளில் சுவர்கள்கூட இறைச்சி உண்ண வேண்டும், இயலாவிட்டால் அவற்றின்மேல் பூசவாவது வேண்டும் என்ற கருத்தில் அவர் பேசியதாக அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிக்கிறார். அன்று செல்வர்கள் பசித்தோரை நிறைவாக உண்பிக்க வேண்டும், எருதுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதல் தீவனம் தர வேண்டும் என்றும் அவர் விரும்பினாராம். தம் உடலை வருத்திக்கொண்ட துறவி, பிறர் வயிறும் விலங்கின் வயிறும் நிறைய வேண்டும் என்றார். தமக்கு எளிமை, பிறருக்கு நிறைவு: அவருடைய கிறிஸ்துமஸ் கணக்கு இதுவே. நம் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

கிரேச்சோவும் எண்ணூரும்

அதே பிரான்சிசு 1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் மலையூரில் அமைத்த தொழுவமே நம் குடில்களுக்கெல்லாம் முன்னோடி. அங்கே இருந்தவை வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை, திருப்பலிப் பீடம். அவ்வூர் ஆண்களும் பெண்களும் அவரவர் இயன்ற அளவில் மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஆயத்தம் செய்து கொண்டுவந்தனர். வெளிச்சத்தை எவரும் வாடகைக்கு எடுக்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரேச்சோவில் கையெழுத்திட்ட திருத்தூது மடலில், வீடுகளிலும் பணியிடங்களிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பொது இடங்களிலும் குடில் அமைக்கும் வழக்கத்தை ஊக்குவித்தார். எளிமையை வலியுறுத்திய அவர் விழாவைக் குறைக்கச் சொல்லவில்லை. குடிலை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகச் சொன்னார்.

கிரேச்சோ நிகழ்வின் 800-ஆம் ஆண்டு நிறைவு 2023 டிசம்பரில் வந்தது. அந்த டிசம்பரை வட சென்னை மறக்க இயலாது. மாதத்தின் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குள் பாய்ந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கருமை பூசிக்கொண்டன. மீனவர்களே வாளிகளால் எண்ணெயை அள்ளினார்கள். அக்கடலின் மீனை வாங்க ஆளில்லை. அரசு குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், 26-ஆம் நாள் நள்ளிரவை நெருங்கிய வேளையில், பெரியகுப்பத்தில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். 2004-இல் ஆழிப்பேரலையும் டிசம்பர் 26-ஆம் நாள்தான் இக்கரையைத் தாக்கியது.

அந்த ஆண்டு ஆண்டவர் பிறந்த பெத்லகேமிலும் விழா அலங்காரம் இல்லை. காசாவில் நடந்த போரை முன்னிட்டு எருசலேம் திருச்சபைத் தலைவர்கள் தேவையற்ற கொண்டாட்டங்களைக் கைவிடுமாறு நவம்பரிலேயே கேட்டுக்கொண்டனர். அங்குள்ள லூத்தரன் ஆலயம் ஒன்றில் இடிபாடுகளைக் குவித்து, அதன் நடுவே குழந்தை இயேசுவைக் கிடத்தினார்கள்.

இவ்விரண்டு ஊர்களின் கிறிஸ்துமசும் எளிமையாக இருந்தன. ஆயினும் அவற்றை ஒரே சொல்லால் அழைக்கலாமா? பெத்லகேம் மக்கள் பிறர் துயரில் பங்குகொள்ளத் தாமே துறந்தார்கள். போரால் திருப்பயணிகள் வராமற்போய்ப் பிழைப்பையும் இழந்தார்கள். எண்ணூர் மீனவரோ எதையும் துறக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. கடவுளின் மகன் தம்மையே வெறுமையாக்கினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். தாமே விரும்பி ஏற்ற வெறுமை அது. மரியாவையும் சூசையையும் பெத்லகேமுக்கு அலைக்கழித்ததோ பேரரசன் அகுஸ்துவின் கட்டளை. விரும்பி ஏற்கும் ஏழ்மை புண்ணியம். திணிக்கப்படும் ஏழ்மை அநீதி. முன்னதைப் புகழ்வதற்காகப் பின்னதை அழகுபடுத்திப் பேசுவது, குடிலில் வைக்கோலைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, சத்திரத்தில் இடம் மறுத்தவனை மறந்துவிடுவதாகும்.

தையற்காரரின் கேள்வி

எளிமையைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வி நியாயமாகவே எழும். எல்லாரும் செலவைக் குறைத்துவிட்டால் தையற்காரர் எப்படிப் பிழைப்பார்? மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டுபவர், அடுமனைத் தொழிலாளி, நடைபாதையில் பொம்மை விற்கும் பெண் ஆகியோரின் கதி என்ன? பெத்லகேமில் ஒலிவ மரச் சிற்பம் செய்வோர் அந்த ஆண்டு இக்கேள்விக்கு நடுவேதான் வாழ்ந்தார்கள்.

இதைப் புறந்தள்ளலாகாது. ஆனால் பகட்டுக்குச் செலவாகும் பணத்தில் இவர்களைச் சேருவது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி வாடகையும், பேனரும், தொலைவிலிருந்து வந்திறங்கும் மின்விளக்குச் சரமும் தெருவோரத் தையல் இயந்திரத்தை ஓட்டுவதில்லை. கூலி கொடுத்துத் தைத்த சட்டையும், கையால் கட்டிய காகித நட்சத்திரமும், பக்கத்து வீட்டுப் பெண் சுட்டுத் தந்த அச்சுமுறுக்கும் ஏழையின் கைக்குப் பணத்தைக் கொண்டுசேர்க்கும். எளிய விழா என்பது பணப்பையை இறுக மூடிக்கொள்வதாக இருந்தால் அது கஞ்சத்தனத்தின் மறுபெயரே. பணம் செல்லும் திசையை மாற்றுவதே நாம் வேண்டுவது.

எங்கிருந்து தொடங்குவது?

எனவே, எளிய கிறிஸ்துமஸ் தீங்கானதா என்னும் கேள்விக்கு என் விடை இது: மேலிருந்து தொடங்கினால் அது அருள், கீழிருந்து தொடங்கினால் அது கொடுமை. முதலில் குறைய வேண்டியது ஆலயக் கோபுரத்தின் விளக்குகள். ஏழைச் சிறுமியின் புத்தாடை கடைசிவரை குறையவே கூடாது. பட்டுத்துணியால் பீடத்தை அலங்கரித்துவிட்டு, வெளியே குளிரில் நடுங்கும் கிறிஸ்துவைக் காணாதிருப்பதைப் பொன்வாய் அருளப்பர் நான்காம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். அக்கண்டனம் முதலில் என்போன்ற குருக்களைச் சேரும்.

நடைமுறைக்குச் சிலவற்றை முன்வைக்கலாம். பங்கின் விழாச் செலவை விழா முடிந்த ஞாயிறன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்; ஏழைகளுக்குச் சென்ற தொகையையும் அருகிலேயே எழுதலாம். நன்கொடையாளர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பதை நிறுத்தலாம். கீதப் பவனி உறை வாங்காமல் வீடுகளுக்குச் செல்லலாம். அப்போது இருண்ட வீடுகளில் விளக்கு எரியும். ஒவ்வோர் அன்பியமும் சனவரியிலேயே வாரச் சேமிப்பைத் தொடங்கினால், வட்டியின்றிச் சேர்ந்த பணம் டிசம்பரில் தாயின் கைக்கு வரும். தண்டல்காரரின் சைக்கிள் அத்தெருவில் நிற்காது. வின்சென்ட் தே பவுல் சபையினர் புத்தாடையைப் பொட்டலமாகத் தருவதற்குப் பதில், கடையில் பிள்ளையே தேர்ந்தெடுக்கும்படி தாயிடம் மறைவாகப் பணம் தரலாம். திருவருகைக் காலத்தை அமைதியாகக் காத்து, கொண்டாட்டத்தை டிசம்பர் 25-க்குப் பின் திருக்காட்சி விழா வரை நீட்டிக்கலாம். அந்நாள்களில் இந்து, இஸ்லாமிய அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டு எடுத்துச் செல்ல நேரமும் கிடைக்கும்.

அந்த முதல் இரவில் நற்செய்தியைக் கேட்டவர்கள் இரவுக் காவல் பணியில் இருந்த இடையர்கள். எண்ணூரின் ஆலைகளில் கிறிஸ்துமஸ் இரவன்று பணிமுறைக்குச் சென்று, நள்ளிரவுத் திருப்பலியைத் தவறவிட்டு, விடியற்காலையில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஆலயத்துக்கு வருவோர் இன்றும் உண்டு. விளக்குகளை அணைத்து, நாற்காலிகளை அடுக்கிவிட்டு நாம் களைத்து அமர்ந்திருக்கும் நேரம் அது. அவ்வேளையில் வருகிற ஒருவருக்கு ஒரு திருப்பலியும், ஒரு குவளைத் தேநீரும், உட்கார ஓர் இடமும் நம்மிடம் இருக்குமாயின், நம் கிறிஸ்துமஸ் போதிய அளவு எளிமையாகவும் போதிய அளவு செழிப்பாகவும் இருக்கிறது என்று நம்பலாம்.